ஒரு காசுக்கு எத்தனை நேரம்?

1981ஆம் வருடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டக் மக்ரே, கெவின் கரன் என்று இரண்டு மாணவர்கள். படிப்போடு சேர்த்து ஒரு சின்ன வியாபாரமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணவர் விடுதிகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை வைப்பது, அவ்வப்போது போய்ப் பெட்டியைத் திறந்து காசை அள்ளி வருவது. வைத்திருந்ததில் 'மிசைல் கமாண்ட்' என்ற வீடியோ கேம் நல்ல வசூல். கொஞ்ச நாளில் அந்த வசூல் இறங்க ஆரம்பித்தது.

ஆட்டம் சலித்துப்போய் ஆள் வராமல் போனால் அது ஒரு கணக்கு. இங்கே நடந்தது வேறு. ஆடுகிறவர்கள் தேறிவிட்டார்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடத்தில் செத்துப்போய் அடுத்த காசைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவியவன், இப்போது ஒரே காசைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கிறான். இயந்திரம் நாள் முழுக்க ஓடினாலும் பெட்டி மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது.

மக்ரேயும் கரனும் இதற்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். ஆர்கேட் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்ணங்களையும் சத்தங்களையும் நினைவுகூர்வார்கள். எனக்கு அந்தக் காசுப்பெட்டிதான் முக்கியமாகப் படுகிறது. 1972இலிருந்து 1983வரை, சுமார் பத்துப் பன்னிரண்டு வருடம், ஒரு பக்கம் பெட்டியும் இன்னொரு பக்கம் ஆடுகிறவர்களின் கைகளும் ஓயாமல் மல்லுக்கட்டின. நாம் இன்றைக்கு வீடியோ கேம் என்று சொல்வதன் முக்கால்வாசி இலக்கணம் அந்த மல்லுக்கட்டில் பிறந்தது.

*

காசு போடும் இயந்திரம் வீடியோ கேமைவிட மூத்தது. ஜூக்பாக்ஸ், பின்பால் எல்லாம் முன்பே இருந்தன. அந்தத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. இயந்திரம் ஒருவருடையது, அது நிற்கிற கடை இன்னொருவருடையது. இயந்திரக்காரர் சுற்றுக்கு வந்து பெட்டியைத் திறப்பார், உள்ளே இருப்பதைக் கடைக்காரரோடு பெரும்பாலும் பாதிப்பாதி பிரித்துக்கொள்வார். இயந்திரத்தின் யோக்கியதை என்பது ஒரு வாரத்தில் அது எவ்வளவு காசு விழுங்கியது என்பதுதான்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இயந்திரங்கள் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். நியூயார்க் நகரில் 1942இல் மேயர் லாகார்டியா பின்பாலையே தடை செய்தார். அது சூதாட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது என்பது அவர் கட்சி. போலீஸ் கைப்பற்றி வந்த இயந்திரங்களை மேயரே சம்மட்டியால் உடைக்கும் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. தடை 34 வருடம் நீடித்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர மன்றத்தார் முன்னால் ஒரு பின்பால் இயந்திரத்தை ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியாக இறங்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடியே இறக்கினார். இது அதிர்ஷ்டம் இல்லை, கைப்பழக்கம் என்று நிரூபணமானது. தடை விலகியது.

அதிர்ஷ்டமா, பழக்கமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் என்றால், பழகப் பழகக் காசு மிச்சமாகும். அப்போது இயந்திரக்காரர் என்ன செய்வார்?

*

நோலன் புஷ்னெல் மாணவராக இருந்தபோது ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்தவர். காசைக் கொடுத்து வேடிக்கை வாங்குகிற கூட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். யூட்டா பல்கலைக்கழகத்தில், அறையளவு பெரிய கணினியில் மாணவர்கள் 'ஸ்பேஸ்வார்' ஆடுவதையும் பார்த்திருந்தார். 1962இல் எம்.ஐ.டி.யில் உருவான ஆட்டம் அது. இந்தக் கணினிக்கு ஒரு காசுத் துளை வைத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. கணினியின் விலைக்குக் கட்டுப்படியாகாது. எனவே அவரும் டெட் டாப்னியும் கணினியே இல்லாமல், வெறும் மின்சுற்றுகளை இணைத்துத் திரையில் புள்ளிகளை நகர்த்தினார்கள். 1971இல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' வந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆட வேண்டுமானால் ஒரு பக்கம் குறிப்புகளைப் படிக்க வேண்டும். மதுக்கடையில் கையில் பீரோடு நிற்கிறவர் எதற்குப் படிக்கப்போகிறார்?

1972இல் இருவரும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் அல் ஆல்கார்னுக்குக் கைபழக ஒரு சின்ன வேலை கொடுத்தார் புஷ்னெல்: இரண்டு மட்டை, ஒரு பந்து, நடுவில் ஒரு கோடு. பயிற்சிக்காகச் செய்த அந்தப் 'பாங்' விற்கிற அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. கடையில் வாங்கிய ஒரு கறுப்பு வெள்ளை டிவியை மரப்பெட்டிக்குள் வைத்து, சன்னிவேல் ஊரில் 'ஆண்டி கேப்ஸ்' என்ற மதுக்கடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சில நாள் கழித்து, இயந்திரம் ஓடவில்லை என்று கடையிலிருந்து அழைப்பு. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். பழுது எதுவும் இல்லை. காசு நிரம்பி வழிந்து துளையை அடைத்திருந்தது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் டென்னிஸ் என்பது புஷ்னெலின் தலையில் தானாக உதித்தது அல்ல. ரால்ஃப் பேர் கண்டுபிடித்து, மேக்னவாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஒடிசி' என்ற வீட்டுக் கருவியின் விளம்பரக் காட்சிக்கு 1972 மே மாதம் புஷ்னெல் போயிருந்தார். மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1976இல் அட்டாரி உரிமத்துக்குப் பணம் கட்டிச் சமாதானமானது. ஆனால் பேர் யோசித்தது வீட்டு வரவேற்பறையை. அட்டாரி யோசித்தது காசுத் துளையை. அந்த வித்தியாசம் பெரியது.

*

பாங் ஆட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோற்றால் இன்னொருவர் ஜெயித்தார். ஆட்டம் 11 அல்லது 15 புள்ளியில் முடியும். ஒற்றை ஆள் இயந்திரத்தோடு மோதும்போது அது எங்கே முடியும்? இதற்கு உலகமே ஒப்புக்கொண்ட பதில் 1978இல் ஜப்பானிலிருந்து வந்தது: ஆடுகிறவர் சாகும்போது முடியும்.

டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்துக்கான கருவிகளைக்கூடத் தானே செய்துகொண்டார். திரையில் 5 வரிசை, வரிசைக்கு 11, ஆக 55 வேற்றுக்கிரகவாசிகள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒரு படி கீழே இறங்குவார்கள். நீங்கள் கீழே ஒரு பீரங்கியோடு நிற்கிறீர்கள். எல்லாரையும் சுட்டுவிட்டீர்களா? அடுத்த 55 பேர் தயார். இந்த முறை இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து தொடங்குவார்கள்.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி ஒரு விபத்து. நிஷிகாடோவின் இயந்திரத்தால் ஒரே நேரத்தில் 55 உருவங்களையும் நகர்த்த முடியாது. ஒவ்வொரு தடவை திரையைப் புதுப்பிக்கும்போதும் ஒரே ஓர் உருவத்தை நகர்த்தும், பிறகு அடுத்ததை. 55 பேர் இருக்கும்போது ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். ஆட்கள் குறையக் குறைய சுற்றுச் சீக்கிரம் முடியும். கடைசி ஒருவன் மின்னல் மாதிரி ஓடுவான். நிஷிகாடோ இதைப் பிழை என்று திருத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டார். கூடவே நான்கு சுரங்கள் இதயத் துடிப்பு போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதுவும் வேகமெடுக்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடுகிறீர்களோ அவ்வளவு கஷ்டமாகிறது. திறமைக்குத் தண்டனை என்கிற இந்தச் சூத்திரத்தைத்தான் பிறகு வந்த எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் இந்த ஆட்டத்தால் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் விழுந்த காசு பெட்டியிலேயே தூங்குவதில்லை, மறுநாள் வங்கிக்குப் போய்விடும். கதை கதைதான். இருந்தாலும், அப்படி ஒரு கதையை நம்பும் அளவுக்கு அந்த ஆட்டம் பரவியிருந்தது என்பது நிஜம். காப்பிக் கடை மேசைகளே திரையாக மாறியிருந்தன. கண்ணாடிக்கு அடியில் படையெடுப்பு, மேலே காப்பிக் கோப்பை.

*

சரி, திறமைசாலிகளுக்கு வருவோம்.

1979இல் அட்டாரியில் லைல் ரெய்ன்ஸும் எட் லாகும் 'ஆஸ்டராய்ட்ஸ்' செய்தார்கள். கறுப்பு வானத்தில் மிதக்கும் பாறைகள், நடுவில் முக்கோணமாக ஒரு விண்கலம். பாறைகளைச் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வப்போது பறக்கும் தட்டு வரும். சின்னத் தட்டைச் சுட்டால் 1,000 புள்ளி. 10,000 புள்ளிக்கு ஒரு கலம் இலவசம்.

இதில் ஒரு ஓட்டை இருந்ததை ஆடுகிறவர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பாறைகளையும் உடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் உயிரோடு விட்டுவைப்பது. ஒரு பாறை மிச்சம் இருக்கும்வரை அடுத்த கட்டம் வராது. திரையின் ஓரத்தில் பதுங்கிக்கொண்டு, வருகிற தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளினால் போதும். பத்துத் தட்டுக்கு ஒரு உயிர். உயிர்களைச் சேமித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்வரலாம். ஒரே காசில் மணிக்கணக்காக, சிலர் நாள்கணக்காக ஆடினார்கள்.

வடிவமைத்தவருக்கு இது ஒரு சுவாரசியம். இயந்திரக்காரருக்கோ வயிற்றெரிச்சல். 1981இல் வந்த 'ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்' ஆட்டத்தில் தட்டுகள் இன்னும் குறிபார்த்துச் சுட்டன. பதுங்கியிருப்பவனைத் தேடி வந்து, சுட்டால் பல துண்டாகப் பிரிந்து துரத்தும் ஒரு புது எதிரியும் வந்தது. ஓட்டை அடைக்கப்பட்டது.

இப்படித்தான் இந்த வரலாறு நகர்ந்தது. ஒரு கை கற்றுக்கொள்கிறது, இன்னொரு கை பூட்டை மாற்றுகிறது.

*

இனி மிசைல் கமாண்ட். 1980இல் அட்டாரியின் டேவ் தியூரர் செய்தது. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று அணுகுண்டோடு பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். திரையின் அடியில் 6 நகரங்கள், அவற்றைக் காக்க 3 ஏவுதளங்கள். வானத்திலிருந்து கோடு கோடாக ஏவுகணைகள் இறங்கும். ஒரு உருண்டையைக் கையால் உருட்டிக் குறிபார்த்து, வழியிலேயே வெடிக்க வைக்க வேண்டும். தியூரர் தற்காப்பு ஆட்டமாகத்தான் இதைச் செய்தார். நீங்கள் யார் மேலும் குண்டு போடுவதில்லை. வருவதைத் தடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதைச் செய்துகொண்டிருந்த மாதங்களில் தியூரருக்கு அணுகுண்டுக் கனவுகள் வந்தன. ஏவுகணை கோடிழுத்து வருவதைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டு எழுவார். ஆட்டத்தில் ஆறாவது நகரமும் அழிந்தபின் மற்ற இயந்திரங்கள் போல 'ஆட்டம் முடிந்தது' என்று வராது. திரை நிறைய ஒரு வெடிப்பு விரிந்து அதன் மேல் 'முடிவு' என்று மட்டும் வரும்.

ஜெயிக்கவே முடியாத ஆட்டம் என்பது அதுவரைக்கும் வியாபாரத் தந்திரம். காசுக்காக வைத்த விதி. அதே விதி இந்த ஆட்டத்தில் ஒரு உண்மையாக மாறிவிட்டது. அணு யுத்தத்தை யாரும் ஜெயிக்க முடியாது. கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம். இதைப் பிரசங்கம் செய்யாமல், இரண்டு நிமிடத்தில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்குப் புரியவைத்த வேறு கலைவடிவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எம்.ஐ.டி. விடுதியில் இந்த யுத்தத்தைத்தான் மாணவர்கள் மணிக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மக்ரேயும் கரனும் அதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். இயந்திரத்தின் உள்ளே பொருத்த ஒரு கூடுதல் சர்க்யூட் போர்டைத் தாங்களே வடிவமைத்தார்கள். அதைப் போட்டால் ஆட்டம் வேகமாகும், புது ஆயுதங்கள் வரும், தேறியவர்கள் மறுபடி சாகத் தொடங்குவார்கள். 'சூப்பர் மிசைல் அட்டாக்' என்று பெயர் வைத்து, ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனத்தையும் தொடங்கி, நாடெங்கும் உள்ள இயந்திரக்காரர்களுக்கு விற்றார்கள். எல்லாருக்கும் அதே வியாதி இருந்ததால் மருந்து நன்றாக விற்றது.

அட்டாரி கோபத்தோடு வழக்குப் போட்டது. கடைசியில் விசித்திரமான ஒரு சமரசம்: வழக்கை விட்டுவிட்டு, அந்தப் பையன்களையே தங்களுக்கு ஆட்டங்கள் செய்துதரச் சொன்னது. கூட ஒரு நிபந்தனை. மூல நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் இனிமேல் யார் ஆட்டத்துக்கும் இப்படிப் போர்டு செய்யக்கூடாது.

சம்மதம் வாங்கினால் செய்யலாம், இல்லையா? அவர்கள் மேசையில் ஏற்கெனவே இன்னொன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது பேக்-மேனுக்கானது.

*

நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானிக்கு ஜப்பான் ஆர்கேடுகளைப் பார்த்து ஒரு குறை. ஆண்கள் மட்டுமே கூடி எதையோ சுட்டுக்கொண்டிருக்கும் இடமாக அவை இருந்தன. பெண்களும் ஜோடிகளும் வர வேண்டுமானால் எதைப் பற்றி ஆட்டம் செய்வது? சாப்பிடுவதைப் பற்றி. 1980இல் வந்த பேக்-மேன் அப்படிப் பிறந்தது. ஒரு மஞ்சள் வாய், ஒரு பாதைச் சிக்கல், நிறையப் புள்ளிகள், நான்கு பேய்கள்.

அந்த நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நேராக உங்களைத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகிற திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் உங்கள் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு துரத்திக்கொண்டே வந்து, கிட்டே நெருங்கியதும் பயந்து தன் மூலைக்குத் திரும்பிவிடும். சில வரி நிரல்தான். ஆனால் ஆடுகிறவருக்கு நான்கு ஆட்கள் உயிரோடு துரத்துவது மாதிரியே இருக்கும்.

குணம் இருந்தால் அதைப் படித்துவிடலாம். நீங்கள் அதே வழியில், அதே நேரத்தில் திரும்பினால் பேய்களும் அச்சு அசலாகப் பழையபடியே வரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பாதைகளை மனப்பாடம் செய்தார்கள். காகிதத்தில் வரைந்து கைமாற்றினார்கள். இந்தப் பாதைகளைச் சொல்லித்தரும் புத்தகங்களே வந்து விற்றன.

ஆனால் புத்தகத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஆடுகிறவரின் முதுகுப்புறம்தான். அங்கே நின்று பார்க்கக் காசு வேண்டாம். அடுத்த ஆட்டம் எனக்கு என்று சொல்ல, ஒரு கால் டாலர் நாணயத்தைத் திரைக்குக் கீழே விளிம்பில் வைத்தால் போதும், அதுதான் வரிசை. நாணயங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், யாரும் அடுத்தவர் நாணயத்தைத் தொட மாட்டார்கள். காசு இருந்தவன் செத்துச் செத்துக் கற்றுக்கொண்டான். இல்லாதவன் அவன் சாவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பிறகு தன் ஒற்றைக் காசைப் போடும்போது அது ரொம்ப நேரம் வந்தது.

மக்ரே குழுவின் பேக்-மேன் போர்டுக்கு 'கிரேஸி ஓட்டோ' என்று பெயர். நேராக, பேக்-மேனை அமெரிக்காவில் விற்ற மிட்வே நிறுவனத்திடமே போய்க் காட்டினார்கள். மிட்வேக்குப் பிடித்துப்போயிற்று. 1982இல் அது 'மிஸ். பேக்-மேன்' என்று வெளியாகி 1,00,000க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றது. ஒரு பாதைச் சிக்கலுக்குப் பதில் நான்கு. பேய்களின் நடமாட்டத்தில் கொஞ்சம் தற்செயலும் சேர்க்கப்பட்டிருந்தது. மனப்பாடம் செய்தவன் பாடு திண்டாட்டம். அமெரிக்க ஆர்கேடின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று, விடுதிப் பையன்கள் சாகாமல் நின்றதால் வந்த நஷ்டத்திலிருந்து பிறந்தது.

*

ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஆட்டத்தை எதற்கு ஆட வேண்டும்? எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதற்காக.

1979இல் எக்ஸிடி நிறுவனத்தின் 'ஸ்டார் ஃபயர்' அதிகப் புள்ளி எடுத்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பதிக்க வழி செய்தது. அதே வருடம் ஆஸ்டராய்ட்ஸ் அதை நாடெங்கும் பரப்பியது. மூன்று எழுத்து, அதற்கு மேல் இடமில்லை. சிலர் தங்கள் முதலெழுத்தைப் போட்டார்கள், சிலர் கெட்ட வார்த்தையைப் போட்டார்கள். முகம் தெரியாத ஒருவரின் மூன்று எழுத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு உங்களை வாரக்கணக்கில் சீண்டும்.

பல இயந்திரங்களில் இந்தப் பெயர்களுக்கு ஆயுசு ஒரு நாள்தான். இரவு கடையை அடைத்து மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். காலையில் பட்டியல் புதிதாகத் தொடங்கும்.

இந்த அழிவைப் பொறுக்காத ஒருவர் வால்டர் டே. 1981இல் ஊர் ஊராக ஆர்கேடுகளுக்குப் போய் இயந்திரங்களில் இருந்த உச்சப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டார். அந்த நவம்பரில் ஐயோவா மாநிலத்தின் ஒட்டும்வா என்ற சிற்றூரில் 'ட்வின் கேலக்ஸீஸ்' என்று தானே ஒரு ஆர்கேட் திறந்தார். அடுத்த வருடம் அது நாட்டுக்கே பொதுவான ஸ்கோர் பலகையாகியது. எங்கோ ஒரு கடையில் ஒரு பையன் எடுத்த புள்ளி, மின்சாரம் போனாலும் அழியாமல் இங்கே காகிதத்தில் நின்றது. 1982 நவம்பரில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை ஒட்டும்வாவின் தெருவில் நிறுத்தி 'லைஃப்' பத்திரிகை படமெடுத்தது. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் மீசை முளைக்கும் பருவத்தில் இருந்தவர்கள்.

*

பெரியவர்களுக்குப் பயம் வந்ததும் இதே நேரத்தில்தான். 1982 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை வீடியோ கேமை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. முந்தைய வருடம் அமெரிக்கர்கள் இந்த இயந்திரங்களில் 2,000 கோடி கால் டாலர் நாணயங்களைப் போட்டதாக அது எழுதியது. அதாவது 500 கோடி டாலர். காசைக் கரியாக்குவது என்று நாம் சொல்வோமே, அதுதான் அங்கேயும் பெற்றோர்களின் பாட்டு.

டெக்சாஸின் மெஸ்கீட் ஊரில் 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் துணை இல்லாமல் காசு இயந்திரம் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. அதை எதிர்த்த வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்ட் ஊர் அதே வருடம் காசு போடும் வீடியோ கேம்களை முழுசாகவே தடை செய்தது. அந்தத் தடை 2014இல்தான் நீங்கியது. எல்லாருக்கும் முன்பாக, 1981 நவம்பரில் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் நாடு முழுவதும் தடை போட்டு, இயந்திரங்களை இரண்டு வாரத்துக்குள் ஒப்படைக்க அல்லது அழிக்கச் சொன்னார். சர்வாதிகாரிக்கும் சிற்றூர்ப் பஞ்சாயத்துக்கும் ஒரே பயம். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி சி. எவரெட் கூப், 1982 நவம்பரில் பிள்ளைகள் இதற்கு அடிமையாகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, அது தன் சொந்த அபிப்பிராயம், அறிவியல் ஆதாரம் இல்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

பயந்தவர்களைக் கேலி செய்வது எளிது. மதியச் சாப்பாட்டுக் காசு பெட்டிக்குள் போனது பொய் இல்லை. ஆட்டங்கள் அந்தக் காசைக் கறக்கவே வடிவமைக்கப்பட்டன என்பதை மேலே பார்த்தோம். ஆனால் அவர்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. பெரியவர் துணை இல்லாமல், வரிசையும் நியாயமும் பிள்ளைகளே பார்த்துக்கொண்ட இடங்கள் அந்த ஊர்களில் வேறு எத்தனை இருந்தன?

*

தடைகள் ஆர்கேடைக் கொல்லவில்லை. பொற்காலத்தைக் கொன்றது அதன் சொந்தப் பேராசை. 1982க்குள் மளிகைக் கடை, பல் மருத்துவர் வரவேற்பறை என்று எங்கும் இயந்திரங்கள். கடன் வாங்கி இயந்திரம் வைத்தவர்களுக்கு வசூல் போதவில்லை. ஆட்டத்தின் விலையை ஏற்றலாம் என்றால் கால் டாலருக்கும் ஒரு டாலருக்கும் நடுவில் கைக்கு வசதியான நாணயம் புழக்கத்தில் இல்லை. விலைவாசி ஏறியது, கால் டாலர் அங்கேயே நின்றது. இன்னொரு பக்கம் அதே ஆட்டங்கள் வீட்டு டிவிக்கு வந்துவிட்டன. 1983இல் தொழில் சரிந்தது.

வீட்டில் காசுத் துளை கிடையாது. அதனால் ஆடுகிறவரைச் சாகடிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஆட்டங்கள் கதை சொல்ல ஆரம்பித்தன, இடத்தைச் சேமித்துவைத்து நாளைக்குத் தொடர விட்டன, ஒருநாள் முடிந்தும் போயின. ஆர்கேடோ வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தது. ஆஸ்டராய்ட்ஸ் செய்த அதே எட் லாக் 1985இல் 'கான்ட்லெட்' செய்தார். அதில் சும்மா நின்றாலே உயிர் கரையும், காசு போட்டால் உயிர் ஏறும். செத்த இடத்திலிருந்தே இன்னொரு காசு போட்டுத் தொடரலாம் என்ற ஏற்பாடும் அந்த ஆண்டுகளில் பரவியது. பணம் உள்ளவர் கடைசிவரை போய்விடலாம். 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்து எதிரே மறுபடி ஒரு மனிதரை நிறுத்தியபோது ஆர்கேடுகளுக்கு இரண்டாவது மூச்சு வந்தது. அதுவும் சில வருடம்தான். ஜப்பானில் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவரான செகா, 2020இல் தன் ஆர்கேட் தொழிலின் பெரும்பங்கை விற்றது. 2022இல் மீதியையும் விற்று வெளியேறியது. கடைகளின் நெற்றியிலிருந்து செகா என்ற பெயரும் இறங்கியது.

காசுத் துளை மட்டும் சாகவில்லை. நம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'கேண்டி கிரஷ்' உங்களுக்கு 5 உயிர் தரும். தீர்ந்தால் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் காத்திரு, முடியாவிட்டால் வாங்கு. பழைய வியாபாரம்தானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு இயந்திரம் ஒருமுறை கடையை விட்டு வெளியே போய்விட்டால் அதன் விதிகள் உறைந்துவிடும். அதை மாற்ற வேண்டுமானால் யாராவது ஒரு போர்டைச் செய்து, நேரில் வந்து, திறந்து பொருத்த வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு பையனோ பெண்ணோ இயந்திரத்தை முழுசாகப் படித்துவிட முடிந்தது. இன்றைக்கு ஆட்டம் உங்களைப் படிக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நீங்கள் தேறத் தேறச் செலவு குறையும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்பதும் இல்லை.

*

பேக்-மேனுக்கு முடிவு வைக்கவில்லை. யாரும் அவ்வளவு தூரம் போவார்கள் என்று நினைக்காததால், எத்தனையாவது கட்டம் என்று எண்ணுவதற்கு ஒரு பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 255 வரைதான் எண்ண முடியும். 256ஆவது கட்டத்தில் கணக்கு சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். திரையின் அடியில் சில பழங்களை வரைய வேண்டிய நிரல் குழம்பி, 256 தடவை வரையப் பார்க்கும். இடது பாதி வழக்கம்போல இருக்கும். வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் துண்டு துண்டான உருவங்களுமாக அள்ளி இறைத்திருக்கும். அந்தப் பாதியில் போதுமான புள்ளிகள் இல்லை. கட்டத்தை முடிக்கவே முடியாது.

அந்த இடத்துக்குப் போக ஒரே ஆட்டத்தில் சில மணி நேரம் தவறில்லாமல் ஆட வேண்டும். போனவர்கள் இருந்தார்கள். பெட்டியில் அவர்கள் போட்டது ஒரு கால் டாலர். முன்னால் பாதி சிதைந்த திரை, நான்கு பேய்கள் இன்னமும் துரத்திக்கொண்டிருக்கும், இயந்திரத்திடம் இதற்கு மேல் கொடுக்க எதுவும் இருக்காது.